இடைவேளையில் எழுந்து வந்த கோச்

சேசு மரி சூசை

நீலசந்திரா, பெங்களூர்.
நவம்பர் 1959, புதன்கிழமை.

மகா பிரியமுள்ள மாப்பிள்ளை மதலைமுத்து அவர்களுக்கு, மாமனார் ரெமிஜியஸ் எழுதும் கடிதம். தேவமாதா கிருபையால் இங்கே எனக்கு மூட்டுவலியைத் தவிர வேறு குறையில்லை. அங்கே பொன்மலையில் நீங்களும் என் மகள் பெர்னதெத்தும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் இதற்குள் எழுதியிருப்பீர்கள்.

நிற்க. சென்ற தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், உங்கள் மாமியார் அல்போன்சா ஆண்டவர் பாதம் சேர்ந்த நாளிலிருந்து, "தனியாக அங்கே என்ன செய்கிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள், குவார்ட்டர்ஸில் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது" என்று நீங்கள் எழுதுவதும், "நான் வந்துவிட்டால் நீலசந்திரா ஃபுட்பால் டீமுக்குக் கோச் யார்" என்று நான் பதில் போடுவதுமாக இருக்கிறது. இந்தக் கடிதம் அப்படியல்ல. நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, திங்கட்கிழமை காலை திருச்சியில் இறங்குகிறேன். வீட்டைக் காலி செய்யப்போவதாக வீட்டுக்காரர் கிருஷ்ணப்பாவிடமும் சொல்லியாயிற்று. "ஹோகி பன்னி சார்", போய்விட்டு வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லிக் கை கூப்பினார், நான் ஏதோ மார்க்கெட்டுக்குப் போய்வரப் புறப்பட்டது போல. திடீரென்று அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பெர்னதெத் பயப்படுவாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சினிமாப் படம் வந்தது, அவ்வளவுதான். விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து நம் மைதானத்தில் கூடாரம் அடித்ததே, அந்தப் படம்தான். காலில் பூட்ஸ் இல்லாத ஏழை டீம் ஒன்றை ஒரு கோச் பாடுபட்டுக் கப் ஜெயிக்க வைக்கிறார், இதுதான் கதை. கதாநாயகருக்குத் தொந்தி இருந்ததாலும், ஓடினால் மூச்சு வாங்கியதாலும் அவரை ஆட்டக்காரராக்க முடியாமல் கோச் ஆக்கிவிட்டார்கள். ஏழை டீமாக நடிக்க நம் ஆட்களையே பிடித்தார்கள், அதற்கு மேக்கப் செலவு மிச்சம். எதிர் டீமாக லிங்கராஜபுரத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கேதான் அந்த டைரக்டர் ஊர் நிலவரம் தெரியாமல் கோட்டை விட்டார். ஏனென்றால் கதைப்படி முதல் மேட்ச்சில் ஏழை டீம் தோற்கவேண்டும். நீலசந்திரா லிங்கராஜபுரத்திடம் தோற்பதாவது! காமிரா ஓடுகிறது, அவர்கள் பந்தை அடிக்கிறார்கள், நம் கோல்கீப்பர் கோவிந்தப்பா பாய்ந்து பிடித்துவிடுகிறான். "கட்" என்கிறார் டைரக்டர். மறுபடி அடிக்கிறார்கள், மறுபடி பிடிக்கிறான். டைரக்டர் தொப்பியைக் கழற்றி, கும்பிடாத குறையாக, "ஐயா, இது சினிமா, ஒரே ஒரு கோல் விடுங்க" என்று கெஞ்சினார். அதற்கு இவன், "சினிமான்னா என்னா சார்? லிங்கராஜபுரத்தான் கோல் போட்டத ஊரே உக்காந்து பாக்கும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் டூட்டிக்குப் போறது?" என்றான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டும் பிடித்தான். வேறு வழியில்லாமல் பந்து வலைக்குள் கிடப்பதைத் தனியாகப் படம் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

இந்த ரகளைக்கு நடுவில் கதாநாயகருக்குக் கோச் வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் எனக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் நடப்பதையும் நிற்பதையும் திட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். தங்கமான மனுஷன், என் மூக்குப்பொடியைக் கூடக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆனால் மைதானத்துக்குள் போனால் ஒரே வசனம். ஆட்டம் நடக்கும்போதே கையை உயர்த்தி, "தோழர்களே! வெற்றி நம் கைகளில் இருக்கிறது!" என்று முழங்கினார். ஓடிக்கொண்டிருந்த சென்டர் ஃபார்வர்ட் அப்படியே நின்று, "கையில பட்டா ஃபவுல் சார்" என்றான். அந்த ஃபிலிமும் வீண். எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், நம் ஆட்கள் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவர் கண்ணீர் விட்டுப் பேசுகிறார், பதினொரு பேரும் வேலியோரம் நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நானாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "டேய், லெஃப்ட்ல ஆளு காலியா நிக்குறான், கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அது சவுண்டில் பதிந்து ஒரு நாள் வேலை பாழ். டைரக்டர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "பெரியவரே, உங்களுக்குக் கோடி நமஸ்காரம். நாளைக்கு ஃபைனல் மேட்ச் எடுக்கிறோம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் இந்தப் பக்கம் தலை காட்டாதீங்க" என்றார். என் டீம், என் மைதானம், வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருக்கிறது, நான் டீக்கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். போகட்டும்.

அந்தப் படம்தான் சென்ற வெள்ளிக்கிழமை இங்கே ரிலீஸ் ஆயிற்று. டீம் முழுவதும் என்னை நடுவில் உட்கார வைத்துக் கொட்டகையில் ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டது. திரையில் கதாநாயகர் வந்தார் பாருங்கள், என் தொப்பி, என் பொடி மட்டை, என் வலது கால் நொண்டல், "அட சனியனே" என்று நான் சொல்லும் அதே சனியன். கொட்டகையே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை. நொண்டுகிறவன் நொண்டத்தானே வேண்டும், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அந்தக் கோச் வீட்டுக்குப் போகிறார். வீட்டில் யாரும் இல்லை. கதவைத் திறந்து, தொப்பியை ஆணியில் மாட்டி, அடுப்பைப் பற்ற வைத்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மேட்ச்சை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். சோறு தீய்ந்து புகை கிளம்புகிறது. அதற்கும் கொட்டகையில் சிரிப்பு. மாப்பிள்ளை, இந்தப் படம் எடுத்தபோது என் வீட்டில் ஆள் இருந்தது. சாயந்தரம் போனால் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். இந்தக் காட்சியை எங்கிருந்து எடுத்தார்கள்? நேற்று ராத்திரி என் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது போல அல்லவா இருக்கிறது! இடைவேளை மணி அடித்ததும் பீடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் பீடி குடிப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து நீலசந்திராவில் எனக்கு மானமாக நடமாட முடியவில்லை. கறிக்கடை பாய் கறியை நிறுத்துக் கொடுத்துவிட்டு, "மாஸ்டர், அடுப்புகிட்டயே நில்லுங்கோ, தீஞ்சிடப் போவுது" என்கிறார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, அல்போன்சா இருந்தபோது காப்பிப்பொடி கடன் வாங்க மட்டும் வந்தவள், இப்போது வேளை தவறாமல் குழம்புக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள். எதிர்வீட்டிலிருந்து பொரியல். கோவிந்தப்பா சம்சாரம் கொடுத்தனுப்பிய களி. நான் திருப்பிக் கொடுக்கவேண்டிய பாத்திரங்களை வைத்து ஒரு கடை போடலாம். பாத்திரங்களும் போகட்டும். டீமில் எவனும் எதிர்த்துப் பேசுவதில்லை. முன்பெல்லாம் நான் ஒன்று திட்டினால் கோவிந்தப்பா இரண்டு சொல்லுவான், அதற்கு நான் நாலு சொல்லுவேன், அப்படித்தான் எங்களுக்குப் பொழுது போகும். இப்போது, "சரி சார், நீங்க உக்காருங்க சார்" என்கிறான். ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். எதிர்த்துப் பேசாத டீமை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தனியாக இருந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நான் தனியாக இருப்பது ஊருக்கே தெரிந்துபோனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே வருகிறேன். கோழிகள் இரண்டும் பாஞ்சாலிக்கு. டீமைக் கோவிந்தப்பா பார்த்துக்கொள்ளட்டும். என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கையும்தான் இருக்கும், நீங்கள் ஸ்டேஷனுக்கு லீவு போட்டு வரவேண்டாம், வந்தால் சந்தோஷம். பின்னறைக்கு மைதானம் பார்த்த ஜன்னல் எதுவும் இல்லாமல் இருந்தால் நல்லது. பெர்னதெத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். உங்கள் தகப்பனாருக்கும் தாயாருக்கும் என் தோத்திரம். ஆரோக்கியமாதா உங்கள் எல்லோரையும் கைவிடாமல் காக்க வேண்டுகிற,

உங்கள் அன்புள்ள மாமனார்,
ரெமிஜியஸ்.

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. நேற்றுக் காலை தபாலில் போடக் கிளம்பும்போது பாஞ்சாலி வழிமறித்தாள். "அண்ணே, படத்துல பாதியிலயே எந்திரிச்சி வந்துட்டீங்களாமே? அப்ப அக்காவ பாக்கலியா?" என்றாள். எந்த அக்கா என்றேன். "நம்ம அல்போன்சா அக்காதான். கடைசி மேட்ச்சுல நிக்கறாங்களே!" என்றாள். நான் சட்டையைக்கூட மாற்றாமல் மேட்டினிக்கு ஓடினேன்.

நிற்கிறாள் மாப்பிள்ளை. பெர்னதெத் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவையில், கயிற்றுக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக. "ஒரு பந்துக்கு இத்தினி பேரா" என்று சொல்லி, ஆயுசில் ஒரு மேட்ச்சுக்கு வராதவள், நான் கோபித்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். எல்லோரும் பந்தைப் பார்க்கிறார்கள். கோவிந்தப்பா பிடிக்கிறான், கூட்டமே குதிக்கிறது, இவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கோட்டோரம் நிற்கிற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறாள். என்னைத் தேடுகிறாள். அதற்குள் அந்தக் கதாநாயகர் தன் முதுகைக் கொண்டுவந்து மறைத்துவிடுகிறார். அன்று சாயந்தரம் அவள் சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கு மேட்ச் எப்பிடி?" என்றாள். துரத்திவிட்டார்கள் என்று சொல்ல வெட்கப்பட்டு, "பிரமாதம், நான்தான் நின்னு நடத்தினேன்" என்றேன். "அப்பிடியா" என்று சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். படம் இங்கே இன்னும் ஒரு வாரம் ஓடுமாம். அது திருச்சிக்கு என்றைக்கு வருகிறது என்று விசாரித்து எழுதுங்கள், அதற்கு முதல் நாள் நான் வந்து சேருகிறேன். டிக்கெட் வாங்கும்போது முன்வரிசையில் இடது ஓரமாகப் பார்த்து வாங்குங்கள். மறைவதற்கு முன்னால் அவள் பார்வை கடைசியாக அங்கேதான் வந்து நிற்கிறது. மேட்டினியில் எனக்கு அது தெரியவில்லை. சாயந்தர ஆட்டத்துக்கு அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.