சுற்றுவட்டத்தில் அமெரிக்கா

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் கார் ஓட்டப் பழகிய தமிழரில், அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்று தெரியாத ஒருவர்கூடக் கிடையாது. காரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

இந்த நிலைமைக்குப் பொறுப்பான மனிதரை நாங்கள் ‘அமெரிக்கா’ என்றே அழைத்தோம். தமிழில் கார் பழக்கும் ஆசிரியர். அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. விமானம் என்றாலே பயம். பழகுநர்கள் பிந்தி வரும் நேரத்தில் காருக்குள் இருந்து வாசிக்கலாமே என்று பழைய சாமான் சந்தையில், அந்தப் போரைப் பற்றிய தடித்த ஜேர்மன் புத்தகம் ஒன்றை வாங்கினார். எங்கள் ஆட்கள் எவ்வளவு பிந்துவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் அதை மூன்று தடவை வாசித்து முடித்திருந்தார்.

நாற்பத்தாறு வயதில் நான் பழகப் போனேன். அவருக்கு முப்பத்தெட்டு இருக்கும். முதல் நாள், முதல் சிவப்பு விளக்கிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா, அந்தக் காலத்து அமெரிக்காவிலை விக் எண்டொரு கட்சி இருந்தது தெரியுமோ?”

“தெரியாது தம்பி. பச்சை விழுந்திட்டுது.”

“விழட்டும். பெரிய கட்சி. வடக்கிலையும் ஆக்கள், தெற்கிலையும் ஆக்கள். அடிமையளை வைச்சிருக்கலாமோ கூடாதோ எண்டு கேட்டால் மட்டும் வாய் திறவாயினம். திறந்தால் கட்சி உடைஞ்சுபோம் எண்ட பயம். திறக்காமலே உடைஞ்சுது.”

பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அமெரிக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர்கள் எல்லோரும் விக் கட்சிக்காரர்கள்தான்.

வரலாறு முழுக்க அவருக்குப் போக்குவரத்துத்தான். நெடுஞ்சாலையில் நான் நடுங்கிக்கொண்டு லேன் மாறும்போது சொல்வார்: “அடிமைமுறை இனிப் பரவக்கூடாது எண்டு சொல்லிக்கொண்டு பிறந்தது குடியரசுக் கட்சி. சனநாயகக் கட்சி வடக்கு தெற்கெண்டு பிளந்து, ஒரே தேர்தலிலை ரெண்டு பேரை நிறுத்தினது. பிறகு வந்த காலத்திலை ரெண்டு கட்சியும் மெல்ல மெல்ல லேன் மாறிட்டுது. பெயர்ப்பலகையை மட்டும் பாத்து ஏறினால் வேறை ஊரிலைதான் இறங்குவியள். தோளுக்கு மேலாலை பாருங்கோ. ம், இப்ப மாறுங்கோ.”

ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் அது சுற்றுவட்டத்தில்தான் வெளிவரும். அவரிடம் பழகிய மளிகைக்கடை அண்ணை ஒருவர், பெரிய விஷயம் தெரிந்தவர்போல, “அமெரிக்காவிலை நடந்தது வரிப் பிரச்சினையாலை வந்த சண்டை தம்பி” என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கார் சுற்றுவட்டத்துக்குள் நுழைந்திருந்தது.

“எந்த வழியாலை வெளிக்கிடுறது?” என்று அண்ணை கேட்டார்.

“காரணத்தைச் சரியாய்ச் சொல்லுங்கோ, வெளிக்கிடலாம்.”

அண்ணை ‘மாநில உரிமை’ என்றார். ஒரு சுற்று. ‘பருத்தி’ என்றார். இன்னொரு சுற்று. “என்ன செய்யிற உரிமை? ஆர் பிடுங்கின பருத்தி?” என்று அமெரிக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது சுற்றில் தலை கிறுகிறுத்து ‘அடிமைத்தனம்’ என்று சொன்ன பிறகுதான் அண்ணைக்கு விடுதலை கிடைத்தது. பாதசாரிகள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். நான் இதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தேன். எனக்கும் ஒரு முறை வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான் செயலாளர், அமெரிக்கா நிர்வாகக்குழு உறுப்பினர். வருடாந்த விருந்துக்கு யார் சமைப்பது என்று மண்டபச் சுவரில் ஒரு தாளும், யார் சாப்பிட வருவது என்று இன்னொரு தாளும் ஒட்டுவோம். அந்த வருடம் சங்க உறுப்பினர் மலர் சமைப்பதற்குத் தன் பெயரை எழுதினாள். அடுத்த நாள், சாப்பிட வருவோரின் தாளில் பதினொரு குடும்பங்களின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஒருவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. “சுகாதாரப் பிரச்சினை, சமையலை வெளியிலை குடுப்பம்” என்றார் தலைவர். மலர் வேலை செய்வது முதியோர் இல்லத்துச் சமையலறையில். எண்பது ஜேர்மன் முதியவர்கள் தினமும் அவள் கையால் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். எங்கள் பதினொரு குடும்பத்துக்கு மட்டும் என்ன வயிறோ தெரியவில்லை.

கூட்டம் கூடியது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு மலர் சமைக்க வேண்டாம் என்று தலைவர் முடித்தார். அமெரிக்கா எழும்பினார்.

“இதைத்தான் அங்கையும் செய்தவை. வரைபடத்திலை கோடு கீறினவை. கோட்டுக்கு மேலை அடிமை இல்லை, கீழை இருக்கலாம். பிறகு கோட்டை அழிச்சுப்போட்டு, குடியேறின சனமே வாக்குப்போட்டு முடிவெடுக்கட்டும் எண்டவை. சனம் துவக்கோடை வந்து ஆளையாள் சுட்டது. ஒத்திவைச்சு ஒத்திவைச்சுத்தான் அவ்வளவு பெரிய சாவு வந்தது. ரெண்டும் ஒண்டெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் காரணத்தை ஒளிக்கிற விதம் அச்சொட்டாய் ஒண்டுதான்.”

“தம்பி, இது டோர்ட்மண்ட்” என்றார் தலைவர். சபை சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். மலர் கடைசி வரிசையில் இருந்து கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை, அதாவது புரோட்டோகோலை, எழுதுவது என் வேலை. இந்த நாட்டில் சங்கம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அந்தக் குறிப்பில் இல்லாதது நடக்கவே இல்லை. ‘நிர்வாகக் காரணங்களுக்காக மலரின் சமையல் ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்துக்கு அனுப்பினேன். அமெரிக்கா மட்டும் கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த பாடத்தில் விக் கட்சியைக்கூட இழுக்கவில்லை. “நேரை போங்கோ” என்றார். போனேன். முன்னால் சுற்றுவட்டம்.

“எந்த வழியாலை தம்பி?”

“மலரக்காவை ஏன் மறிச்சவை?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் கார் பழக வந்தனான். நீர் என்ன கோர்ட்டே நடத்துறீர்?”

“சுத்துங்கோ.”

“நிர்வாகக் காரணம்.” ஒரு சுற்று. “சுகாதாரம்.” இன்னொரு சுற்று. பேருந்துச் சாரதி ஒருவர் எனக்காக நிறுத்தி, பொறுமையிழந்து கையை விரித்தார். “பழைய ஆக்கள் மனம் நோவினம்.” மூன்றாவது சுற்று. நாலாவதில் குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது. “அவள் வேறை ஆக்கள் எண்டதாலை.”

“வேறை ஆக்கள் எண்டால்? இந்தக் காருக்குள்ளை நாங்கள் ரெண்டு பேர்தான் அக்கா. ஆருக்குப் பயந்து மெல்லக் கதைக்கிறியள்?”

ஐந்தாவது சுற்று. கண்ணில் நீர் முட்டிவிட்டது, தெரு மங்கலாகத் தெரிந்தது.

“சாதி” என்றேன்.

“பிளிங்கரைப் போட்டு வெளிக்கிடுங்கோ” என்றார் அமெரிக்கா.

புரோட்டோகோலை மாற்றி எழுதி அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். ‘மலரின் சாதியைக் காரணமாகக் கொண்டு சிலர் மறுத்ததால், அவர் சமைப்பது தடுக்கப்பட்டது.’ இவ்வளவுதான். கூரை இடிந்து விழுந்ததுபோல இருந்தது. “இதையெல்லாம் எழுதி வைக்கோணுமே?” என்று தலைவர் கொதித்தார்.

“செய்யேக்கை வெக்கமில்லை, எழுதினால்தான் வெக்கமோ?” என்று கேட்டேன். எனக்கு இவ்வளவு வாய் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மலர் சமைக்கலாமா என்று கைகள் எண்ணப்பட்டன. மிகச் சிறிய வித்தியாசத்தில் மலர் வென்றாள். தலைவரும் பதினொரு குடும்பமும் வெளியேறினார்கள். ஜேர்மனியில் ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கம் பதியலாம். அவர்கள் மாதக் கடைசிக்குள் பதிந்துவிட்டார்கள். விருந்தன்று மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமை. மலர் முழுச் சனத்துக்கும் சமைத்திருந்தாள். மிஞ்சியதை எல்லோரும் பாத்திரம் பாத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனோம். அமெரிக்கா மூன்று தரம் சாப்பிட்டுவிட்டு, தலைவரின் வெறுங்கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

அதன் பிறகு என் சோதனை. பரீட்சகர் பின்சீட்டில், அமெரிக்கா பக்கத்தில். சுற்றுவட்டம் வந்தது. இரண்டாவது வழியால் வெளியேறச் சொன்னார் பரீட்சகர். நான் பதற்றத்தில் அதைத் தவறவிட்டு, ஒரு சுற்று அதிகமாகச் சுற்றித்தான் வெளியே வந்தேன். ஏன் என்று பரீட்சகர் கேட்டார். பாதுகாப்புக்காக என்றேன். மனிதர் மெச்சிப் பாஸ் போட்டுவிட்டார். அவர் இறங்கிப் போனதும் அமெரிக்கா என்னை வாழ்த்தவில்லை. முகம் சிவந்திருந்தது.

“காரணம் அதில்லையே அக்கா. திருப்பியும் பொய்.”

மனைவிக்கு வேலை கிடைத்ததால் அவர் ஹனோவருக்குப் போய்விட்டார். இப்போது அங்கே எத்தனை பேருக்குத் தலை சுற்றுகிறதோ. இங்கே வந்திருக்கும் புது ஆசிரியர் நல்ல பிள்ளை, பிரேக், கிளச் தவிர வேறு பேச்சில்லை. நான் கார் ஓட்டிப் போகும்போது அந்தச் சுற்றுவட்டத்தில் இன்றைக்கும் ஒரு சுற்று அதிகமாகப் போகிறேன். கூட வருகிறவர்கள் கேட்டால் பழக்கதோஷம் என்று சமாளிப்பேன். காரணம் அதில்லை. என் மனம் அந்தத் தம்பியைத் தேடுகிறது.