கறுத்துப்போன பிளாட்டினம்

அந்த வரிசையில் நின்றால் இருக்கிற நோயோடு இன்னும் நாலு நோய் சேரும். அவ்வளவு நீளம். வாடகை மண்டபத்தின் வாசலில் தொடங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி, டாக்டர் வீட்டுப் படிவரை நீண்டது. உள்ளே டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் உலோக மகானின் மகிமை. அவர் தருவது மாத்திரையல்ல, சுத்தமான பிளாட்டின வளையம்! அதைக் கையில் மாட்டிக்கொண்டு, அவரே தரும் மூலிகை சோப்பால் மூன்று வேளையும் கை கழுவ வேண்டும். மூன்றாம் நாள் வளையம் கறுக்கும். கறுத்தால் நோயை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். காசை மட்டும் மகான் திருப்பித் தருவதில்லை. காசில் நோய் ஒட்டாதாம்.

சின்னவளின் அம்மா ஐந்தாவது வளையத்தில் இருந்தாள்.

"பாருடி, எப்படிக் கறுத்திருக்கு! அத்தனையும் என் சர்க்கரை."

"சர்க்கரை வெள்ளையாத்தானேம்மா இருக்கும்?"

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு உனக்கு."

சின்னவள் அம்மாவின் காலைப் பார்த்தாள். போன வாரம் மிளகளவு இருந்த கட்டைவிரல் புண், இப்போது காசளவு ஆகியிருந்தது. சர்க்கரை மாத்திரைகள் பதினாறு நாளாக டப்பாவில் தூங்கின. இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது வயிற்றெரிச்சல் பேச்சு என்பது அம்மாவின் முடிவு.

சின்னவளுக்கு பிளாட்டினத்தைத் தெரியும். பழைய கார்களின் புகைக்குழாய்ப் பெட்டிகளை உடைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. பெட்டிக்குள் தேன்கூடு போல ஒரு கல் இருக்கும். புகையின் நஞ்சை முறிக்க அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சாக பிளாட்டினம் படிந்திருக்கும். கல்லைப் பொடித்து, இரண்டு அமிலங்களைக் கலந்து காய்ச்சினால்தான் கரைந்து வரும். தனி அமிலத்துக்கு மசியாத அழுத்தக்கார உலோகம் அது. ஒரு காருக்கு இரண்டு கிராம் தேறினால் பெரிது. மகான் இதுவரை விற்ற வளையங்களுக்கு ஆறாயிரம் கார்களை உடைத்திருக்க வேண்டும். மகானிடம் இருந்ததோ ஒரு ஸ்கூட்டர்.

"அம்மா, பிளாட்டினம் கறுக்காது. கறுக்காததுக்குத்தான் அதுக்கு அந்த விலையே!"

"அது உங்க பட்டறை பிளாட்டினம். இது மகானோட பிளாட்டினம்."

இதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை. சின்னவள் தன் கூலியில் ஒரு புது வளையம் வாங்கினாள். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டதென்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. முதலாளியிடம் ஒரு துண்டு பிளாட்டினக் கம்பியையும் சின்னவள் இரவல் வாங்கினாள். ஒரு முட்டையை அவித்து நசுக்கி, சாப்பாட்டு டப்பாவில் போட்டு, வளையத்தையும் கம்பியையும் அதன்மேல் வைத்து மூடினாள்.

மறுநாள் அம்மாவோடு வரிசையில் நின்று மகான் முன்னால் போனாள். வளையத்தை நீட்டினாள்.

மகான் நெஞ்சில் கை வைத்தார். "அடேயப்பா, ஒரே நாள்ல இவ்வளவு கறுப்பா! இது யாரு போட்டிருந்தது?"

"எங்க வீட்டுலதாங்க. அசையாம கிடக்குது. பேச்சு மூச்சு இல்ல."

"நினைச்சேன். உடம்பு?"

"மேல வெள்ளை. உள்ள முழுக்க மஞ்சள்."

"முத்தின காமாலை!" கூட்டம் 'உச்' கொட்டியது. "பரம்பரை நோய்ம்மா. அதைப் பெத்தவளுக்கும் ஒரு வளையம் போடணும்."

"போடலாங்க. ஆனா கோழிக்குக் கை கிடையாதே."

டப்பாவைத் திறந்தாள். முட்டை நாற்றத்தில் முன்வரிசை பின்வரிசையானது.

மகான் சமாளித்தார். "முட்டைக்கும் உயிர் உண்டு."

"அவிச்ச முட்டைக்குமா?" என்றாள் அம்மா.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அம்மாவே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் கம்பியை உயர்த்தினாள். அது பளபளத்தது. "இதுவும் அதே முட்டையிலதான் கிடந்துச்சு. இது பிளாட்டினம், கறுக்கல. உங்க வளையம் பித்தளை மேல வெள்ளிப்பூச்சு. முட்டையில இருக்கிற கந்தகம் பட்டா கறுக்கும். அந்தக் கந்தகம்தான் உங்க சோப்புலயும் இருக்கு. எல்லாரும் மோந்து பாருங்க."

நானூறு மூக்குகள் நானூறு சோப்புகளை மோந்தன.

"உங்க கையில இருக்கிற வளையத்தையும் கொஞ்ச நேரம் இந்த டப்பாவுல வைங்களேன் சாமி. உங்களுக்குத்தான் நோயே கிடையாதே!"

மகானுக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. பின்வாசல் வழியாகப் போனார். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. பாவம், அதற்கு அவர் வளையம் போடவில்லை. ஜனங்களே சூழ்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா வளையத்தைக் கழற்றினாள். டாக்டர் வாசல் வந்ததும் தானே படியேறினாள். "விரல் தப்பிக்கும், இன்னும் ஒரு வாரம் போயிருந்தா சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை கடையில் ஒரு முட்டைகூட இல்லை. நோயை இழுக்கும் சக்தி முட்டைக்குத்தான் என்று ஊரில் பேச்சாம்.

முட்டையைக்கூட அவித்துத்தான் தின்கிறோம். அடுத்தவன் பேச்சை மட்டும் ஏனய்யா பச்சையாக விழுங்குகிறோம்?