தூசி சாரும் விதை மொச்சையும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜவ்வாது மலையில் தூசியைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனுஷர் எங்கள் தூசி சார்தான் என்று அடித்துச் சொல்வேன்.

ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தவர். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவராம். அரியலூர்ப் பக்கத்து மண்ணை மூட்டையாகக் கொண்டுவந்து, ஊறவைத்து, சலித்து, மிஞ்சிய பொடியை நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அதில் கடல் பூச்சிகளின் ஓடு இருக்கிறதாம். ஒரே செல் உயிராம். இனமே கோடி வருஷங்களுக்கு முன்னால் அழிந்துவிட்டதாம். நான் மிளகாய் தாளித்தால் ஓடி வருவார்.

"தாளிக்காதீங்கம்மா. நான் ஒரு தும்மல் போட்டா கோடி வருஷம் பறந்துடும்."

அவர் இருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் மோருக்குக்கூடத் தாளிப்பு கிடையாது.

ஒருநாள் அவர் அறை வாசலில் ஒரு தட்டில் சாம்பல் நிறப் பொடி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்புச் சாம்பல் என்றே எடுத்தேன். வண்டு விழாமலிருக்க விதை மொச்சையில் சாம்பல் பிசறி வைப்பது எங்கள் வழக்கம். முழுவதையும் கொட்டிப் பிசறிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் அவர் போனுக்கு டவர் கிடைக்கும். அந்த நேரம் அங்கே போயிருந்தவர், யாரிடமோ பேசிவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பினார். ஆறு வருஷமாகத் தேடிய ஓடு ஒன்று, உடையாமல், அந்தத் தட்டில் காலையில்தான் கண்ணில் பட்டதாம்.

"தட்டுல இருந்தது இன்னாச்சும்மா?"

"மொச்சையில பெசறிட்டேங்க. இனிமே வண்டு வராதுங்க சார்."

மனுஷர் தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. நான் மொச்சையைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன்.

மூன்று நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு விதையாகத் தூரிகையால் துடைத்தோம். வெளி ஆம்பளை எதிரில் நான் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. மருமகள் எட்டிப் பார்த்து, "இன்னா அத்தை, மொச்சைக்குப் பேன் பாக்கறீங்களா?" என்றாள்.

கடைசியில் ஒரு மொச்சையின் மூக்கில், அந்த வெள்ளைக் கோட்டில், ஒட்டிக்கொண்டிருந்தது. தூரிகை நுனியால் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணை வைத்தவள் ஆடிப்போனேன். மணலில் பாதிகூட இல்லாதது, பூச்சரம் சுற்றினாற்போல அறை அறையாக, ஒரு அறைகூட உடையாமல்.

"இத்தப் பாத்தவங்க உலகத்துலயே கொஞ்ச பேருதாம்மா. அதுல நீங்க ஒருத்தர்" என்றார். என்னை யாரும் அப்படி எதிலும் சேர்த்துச் சொன்னதில்லை.

போன மாசம் மகளோடு இருக்கப் போய்விட்டார். அந்த உயிரின் பேரும் வருஷக் கணக்கும் எனக்குச் சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். நேரில் வந்தால் பின்னறைத் தூசியையும் ஒரு பார்வை பாருங்கள். பெருக்க எனக்குக் கை வரவில்லை.