முறிந்த கிளைக்கு முதலுதவி

மனித குலத்தில் கருணை வற்றிவிட்டது என்று மைக் கிடைத்த இடமெல்லாம் புலம்புகிறவர்கள், விபத்துக் காப்பீட்டு அலுவலக மேலாளரின் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அங்கே கருணை வாளி வாளியாக ஊற்றப்பட்டது. ஊற்றப்பட்டது அசேலியாப் பூச்செடிகளுக்கு என்பது ஒரு சின்ன விவரம்.

கொல்லையில் பெரிய மரம் ஒன்று நின்றதால் வெயில் சல்லடையில் சலித்த மாதிரிதான் இறங்கும். ‘என்றும் பசுமை’ வகை அசேலியாவுக்கு அதுவே சொர்க்கம் என்று நிழல் தோட்டக் கழகத்தார் சொல்லியிருந்தார்கள். மேலாளர் அதற்குப் பிடித்த மாதிரி மண்ணைப் புளிப்பாக்கினார். காய்ந்த இலைகளை வேருக்குப் போர்வையாகப் பரப்பினார். ஆபீஸ் கிளம்புமுன் குனிந்து குசலம் விசாரித்தார்.

"என்ன கண்ணு, வாட்டமா இருக்கே? சரியாத் தூங்கலையா?"

முதல் தடவை இதைக் கேட்டதும் சமையலறையிலிருந்த அவர் மனைவி, "லேசாத் தலைவலிங்க" என்று ஈரக்கையோடு வெளியே வந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தா’வாகவே இருந்தவர், திடீரென்று ‘கண்ணு’ ஆனதில் முகம் சிவந்துபோயிருந்தது.

"உன்னை யாரு கூப்பிட்டா? தள்ளி நில்லு, உன் நிழல் விழுது."

"நிழல்லதான் வளரும்னீங்களே?"

"அது மர நிழல்."

தாவரவியலில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. மனைவி தள்ளி நின்றார்.

வேர் காயக்கூடாது என்பதால் நடைபாதையும் காயவில்லை. பாசி அங்கே அசேலியாவை மிஞ்சிய பசுமையோடு செழித்தது. சுரண்டிவிடலாமா என்று மனைவி சமர்ப்பித்த கோரிக்கை, ‘குளுமை குறையும்’ என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணியோடு போனவர் வழுக்கி, மொட்டு விட்டிருந்த செடிமேலேயே விழுந்தார்.

அலறல் கேட்டு மேலாளர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"அசையாதே! அப்படியே இரு!"

அந்த வலியிலும் மனைவிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அடிபட்டவரை அசைக்கக்கூடாது என்று தெரிந்த மனிதர்!

"முட்டிக்குக் கீழே மொட்டு இருக்கு. காலை மெதுவா எடு."

அன்று அந்த வீட்டில் நேர்ந்த முறிவுகள் இரண்டு. செடிக்குக் கிளை, மனைவிக்கு மணிக்கட்டு. எதை முதலில் கவனிப்பது என்பதில்தான் ஒருவரின் ‘நிர்வாகத் திறன்’ வெளிப்படும். மேலாளர் கிளையை ஈரத்துணியில் சுற்றி, காரின் முன்சீட்டில் படுக்கவைத்து, பெல்ட்டும் மாட்டி, செடி நர்சரிக்குப் பறந்தார். மனைவி, பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்ணின் ஸ்கூட்டரில் போனார்.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார் எலும்பு டாக்டர்.

"அவர் இன்னொரு எலும்பு முறிவைப் பார்க்கப் போயிருக்கார்."

தையல்காரப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "நானா இருந்தா மிச்சக் கிளையையும் ஒடிச்சிருப்பேன்க்கா."

"ஒடிக்கக் கை வேணாமாடி?"

கிளை பிழைத்தது. தொட்டியில் நட்டதும் துளிர்விட்டது. செய்தி பரவி, நிழல் தோட்டக் கழகம் மேலாளருக்கு ‘மென்கரச் செம்மல்’ பட்டம் வழங்கத் தீர்மானித்து, அந்தக் கொல்லையிலேயே நாற்காலி போட்டது. ஏற்புரையில் மேலாளர் தழுதழுத்தார்.

"வலிக்குதுன்னு அது வாயைத் திறந்து சொல்லாது. கூடவே இருக்கிற நாமதான் பார்த்துப் புரிஞ்சுக்கணும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சமையலறைக் கதவோரம் பாதி மறைந்து நின்ற மனைவி மட்டும் தட்டவில்லை. கழகத் தலைவர் அதைக் கவனித்துவிட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்குச் செடின்னா ஆகாதோ? கையே தட்டலையே?"

மேலாளர் கதவுப்பக்கம் திரும்பினார். மாவுக்கட்டுப் போட்ட கை அவர் கண்ணில் பட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். செடிமேல விழுந்துட்டோமேன்னு அவளுக்கு இன்னும் மனசு உறுத்துது. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."