மாலை மாற்றலில் நசுங்கிய மாமா

ஆண்பிள்ளை தன் உடம்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதில் முக்கால்வாசி பொய். மிச்சமிருக்கும் உண்மையையும் அவன் டாக்டரிடம் சொல்வதில்லை. நான் அந்த ஜாதிதான்.

வீசிங்குக்காக வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை தின்றவன் நான். அடையாறு டாக்டர் என்னையும் மனைவி வசந்தாவையும் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "மாதவிடாய் நின்னப்புறம் பெண்களுக்கு எலும்பு மெலியும். இந்த மாத்திரை ஆம்பளைக்கும் அதே வேலையைச் செய்யும் சார்."

வசந்தா எடுத்துக்கொண்டாள். நான் கேன்டீனில் போண்டா சாப்பிட்டேன். அவளுக்கு லேசான மெலிவு என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்தாள். 'கண்ணாடிப் பாத்திரம், ஜாக்கிரதை' என்று கேலி செய்தேன். (அந்த வாயை எதால் அடிப்பது?)

"உங்க பேண்ட்டெல்லாம் தரையைப் பெருக்கறது. குள்ளமாயிண்டே வரேள். போய் அந்த ஸ்கேனை எடுத்துண்டு வாங்கோ" என்றாள்.

"டெய்லர் சரியில்லை" என்றேன்.

அப்புறம் தி. நகரில் அக்கா பெண் காயத்ரிக்குக் கல்யாணம். அவளுக்கு அப்பா இல்லை. "அப்பா இடத்துல நீதான் மாமா என்னை மடியில வெச்சுண்டு தாரை வார்க்கணும்" என்று கேட்டிருந்தாள்.

அதற்கு முன்னால் மாலை மாற்றல். பெண்ணைத் தோளில் தூக்குவது தாய்மாமன் உரிமை. தூக்க வந்த இளவட்டங்களை "நகருங்கோடா" என்று விரட்டி, பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டு குனிந்தேன்.

"வேண்டாமே மாமா" என்றாள் காயத்ரி.

தூக்கினேன். முதுகில் மளுக்கென்றது. அலறினேன்.

மங்கள வேளையில் அபசகுனச் சத்தம் காதில் விழலாமா? யாரோ ஒரு புண்ணியவான் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று விரலை ஆட்ட, தவில் பிளந்துகட்டியது. நான் இன்னும் பலமாக அலறினேன். மேளமும் ஏறியது. மாமா உற்சாகத்தில் கத்துகிறார் என்று கூட்டம் கைதட்டியது. தோளிலிருந்து சறுக்கி இறங்கிய காயத்ரிக்குத்தான் முதலில் புரிந்தது. மாலையும் கழுத்துமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. வலியைவிட, ஆம்புலன்ஸில் படுத்தபடி கடிகாரத்தைப் பார்த்ததுதான் கொடுமை. முகூர்த்தம் எனக்காகக் காத்திருக்காது. அவள் அதிகம் பழகியிராத பெங்களூர் சித்தப்பாவைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஜாதகம் பொருந்திய கையோடு, "மாமாவோட ஸ்கேன் வந்தாச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் கல்யாண ஆல்பத்தில், அவள் சித்தப்பா மடியில் உட்கார்ந்திருக்கும் பக்கம் வரும்போது, நான் பார்த்துவிடக்கூடாதே என்று காயத்ரி சட்டென்று இரண்டு பக்கமாகப் புரட்டிவிடுவாள்.