பாட்டில் கம்பவுண்டரும் புதுப் பாட்டில்களும்

ஒரே ஜன்னலில் நின்று ஆயுசு முழுக்க ஊருக்கே மருந்து கொடுத்துவிட்டு, அந்த ஊரில் ஒருவருடைய முகத்தைக்கூடத் தெரிந்துகொள்ளாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பாட்டில் கம்பவுண்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் நம்மோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரின் தர்மாஸ்பத்திரி அது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அவருடைய பேரன்கள் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள், வேண்டாம். வெள்ளைக்காரன் காலம். தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப் என்று சொல்லுகிற சீமை. நான் அங்கே டிரெஸ்ஸர், அதாவது புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தவர்கள், தோல் சீவுகிற கத்திக்கு விரலைக் கொடுத்தவர்கள் எல்லாரும் என்னைச் சேர்ந்தவர்கள். மற்ற அத்தனை நோயாளிகளும் பக்கத்து அறைக் கம்பவுண்டரைச் சேர்ந்தவர்கள்.

அந்த அறை நடந்த விதமே தனி. பெரிய பெரிய ஜாடிகளில் காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து, வயிற்று மருந்து எல்லாவற்றையும் விடிந்ததும் கலக்கி வைத்துவிடுவார். டாக்டர் எழுதிய சீட்டோடு நோயாளி ஜன்னலுக்கு வரவேண்டும். பாட்டிலை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரவேண்டும். பாட்டில் இல்லையா, மருந்தும் இல்லை. கம்பவுண்டர் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டி, தக்கையை அடைத்து, சீட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஜன்னல் ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவுதான், அதுவும் இடுப்பு உயரத்தில். உள்ளே இருப்பவருக்கு ஒரு கை தெரியும், ஒரு பாட்டில் தெரியும். முகம் தெரியவேண்டுமென்றால் குனிய வேண்டும். அவர் குனிந்ததே இல்லை.

ஆகையால் அவருக்கு ஊர் ஜனங்கள் எல்லாரும் பாட்டில்கள். "பன்னீர், இருமல் நின்னுச்சா?" என்பார். "மூக்கு ஒடைஞ்சது, நீ நேத்தே வந்திருக்கணுமே" என்பார். தோல் மண்டி பாய் ஒருவர் அத்தர் பாட்டிலை நீட்டுவார். "அத்தர், வயிறு எப்படி கீது?" என்று கேட்டால், "அல்லா புண்ணியத்துல வலி கம்மிதான், வாசனைதான் ஜாஸ்தி" என்று பதில் வரும். அத்தர் வாசனையோடு மருந்து குடிக்கிற ஒரே நோயாளி அவர்தான். அவரைப் பார்த்து எனக்கும் அதே மருந்து வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

இந்த முறையில் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று கம்பவுண்டர் சாதிப்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாள் அவர் மனைவிக்கே காய்ச்சல். அந்த அம்மாள் அவசரத்தில் எதிர்வீட்டுக்காரியின் மண்ணெண்ணெய் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று ஜன்னலில் நீட்டினார்.

"புதுசா? எந்தத் தெரு? இன்னா நோவு?" என்றார் கம்பவுண்டர்.

"உங்ககூட குடும்பம் நடத்தறேனே, அந்த நோவுதான்" என்றது ஜன்னலுக்கு வெளியே குரல்.

"அதுக்கு இங்க மருந்து கெடையாதும்மா, டாக்டரைப் போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலைக் கூப்பிட்டார் இந்த மகானுபாவர். அன்று ராத்திரி அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஊரில் மதுவிலக்குச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் காரியதரிசி, பாவம், யாரோ ஒரு துரை வீட்டு பட்லர் கொடுத்த பெரிய பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தார். சங்கத்து ஆட்கள் நாலு பேர் அவர் பின்னாலேயே வரிசையில் நிற்கிறார்கள். கம்பவுண்டர் உரக்கக் கூப்பிட்டார்: "யாருப்பா அது பிராந்தி? தினமும் வர்றியே, இன்னும் உனக்கு அடங்கலியா?" காரியதரிசி அதற்கப்புறம் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. வயிற்று வலிக்கு வேலூர் வரைக்கும் ரயிலில் போய் வந்தார்.

பன்னீர் பாட்டில் கதை இதைவிட மோசம். பன்னீர் பாட்டிலுக்குச் சொந்தக்காரர் ஒரு கிழவர். அவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டதும் கம்பவுண்டர் லீவு போட்டுவிட்டுச் சாவுக்குப் போய் வந்தார். இரண்டு வாரம் கழித்து அதே பன்னீர் பாட்டில் ஜன்னலில் நீண்டது. கம்பவுண்டர் போட்ட சத்தத்தில் நான் கட்டிக்கொண்டிருந்த கட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். "உன்னைத்தான் எடுத்துட்டாங்களே! நான் வாய்க்கரிசி போட்டேனே!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறார். வெளியே ஒரு வாலிபன், பழைய சாமான்காரனிடம் அந்தப் பாட்டிலை வாங்கியவன், "எனக்குத் தொண்டைதாங்க கட்டிக்கிச்சு, இன்னும் சாவலைங்க" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னொரு சட்டமும் அவருக்கு உண்டு. உள்ளுக்குக் குடிக்கிற மருந்து பாட்டிலில், மேலே பூசுகிற மருந்து கொட்டாங்கச்சியில். பூச்சு மருந்துக்குப் பாட்டிலை நீட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவார். படிப்பு வாசனை இல்லாத ஜனங்கள், கொட்டாங்கச்சியில் இருப்பதை யாரும் வாயில் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அதை அவர் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. எல்லாரும் அதையும் அவருடைய கிறுக்கில் ஒன்றாகவே வைத்திருந்தோம்.

இப்படி இருக்கும்போது புது டாக்டர் வந்தார். சுத்தத்தில் அவருக்கு ஒரு வெறி. மண்ணெண்ணெய் பாட்டிலையும் அத்தர் பாட்டிலையும் கொட்டாங்கச்சி வரிசையையும் பார்த்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சில மாதத்தில் பெட்டி பெட்டியாகப் புதுப் பாட்டில் வந்து இறங்கியது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கழுத்து. இனிமேல் ஆஸ்பத்திரியே பாட்டில் கொடுக்கும், குடிக்கிறதற்கும் பூசுகிறதற்கும் இதுதான், வீட்டுப் பாட்டில் கூடாது என்று உத்தரவு. பூச்சு மருந்துக்கு மட்டும் இங்கிலீஷில் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டுமாம்.

கம்பவுண்டர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "டிரெஸ்ஸரே, இதுல யாரு யாரு?" என்று என்னைக் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரம் ஊருக்கே நோய் வந்துவிட்டது. காய்ச்சல் சீசனில்கூட அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வரிசை புளியமரத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. எல்லாருக்கும் இருமல், எல்லாருக்கும் வயிற்று வலி. ஒரே வீட்டில் மாமியார், மருமகள், நாத்தனார் மூவருக்கும் ஒரே காலையில் இருமல். டாக்டர் கை வலிக்க எழுதினார், என்ன தொற்று இது என்று புத்தகத்தைப் புரட்டினார். கம்பவுண்டரோ, "யார்ரா நீங்கல்லாம்? ஒருத்தரையும் தெரியலையே" என்று புலம்பிக்கொண்டே ஊற்றினார். ஒரே பேஜார்.

ஒரு நாள் மத்தியானம் கூட்டம் கலைந்து நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம். சின்னராசு என்கிற தோல் ஷாப் ஆள் சட்டையில்லாமல் ஓடிவந்தான். முதுகு வலி என்று காலையில் பூச்சு மருந்து வாங்கிப் போனவன். முதுகு பூராவும் எறும்பு.

"இன்னா மருந்துய்யா குடுத்த? நல்லா சூடு பறக்கத் தேய்ச்சிட்டு ஷாப் ஓரமா படுத்தேன். ஊர்ல கீற எறும்பு அத்தனையும் என் மேல ஏறிடுச்சு!"

நான் அவன் முதுகை முகர்ந்து பார்த்தேன். இருமல் மருந்து. தித்திப்பு மருந்து. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இவன் பூச்சு மருந்து யாருக்குப் போச்சு?" என்றார்.

அது இருமல் மருந்து வாங்கிய யாருக்கோ போயிருக்கிறது. அந்தப் பூச்சு மருந்து உள்ளே போனால் வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும். இவன் பாட்டிலும் இன்னொன்றும் ஒரே சமயத்தில் மேடையில் நின்றன, தக்கை அடைக்கும்போது கை மாறிவிட்டது, சிவப்புச் சீட்டு இன்னும் பசைக் கிண்ணத்தின் பக்கத்திலேயே கிடக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டுகள் நோயாளிகளோடு போய்விட்டன. டாக்டர் அன்றைக்குப் பார்த்து, காலைக் கூட்டத்தை முடித்த கையோடு வேலூருக்குப் போய்விட்டார்.

"கொழந்தைக்கு இருமல்னு சொன்னா. பொம்பளைக் கை" என்றார் கம்பவுண்டர். "கையில தேள் பச்சை குத்தியிருந்தா."

அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார். அந்த மனிதர் வேலை நேரத்தில் மருந்து அறையை விட்டு வெளியே வந்து நான் பார்த்தது அன்றுதான். பின்னால் நான், எனக்குப் பின்னால் எறும்பைத் தட்டிக்கொண்டே சின்னராசு. "அந்த மாதிரி பச்சை எங்க லைன்லதான் குத்திக்குவாங்க, வாங்க" என்று அவன் தோல் ஷாப் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லைனுக்கு வழி காட்டினான்.

லைனில் நுழைந்ததும் கம்பவுண்டர் கண்ணில் பட்ட முதல் பெண்ணிடம் போய், "கைய காட்டு" என்றார். அவள் பயந்துபோய்க் காட்டினாள். இல்லை. அடுத்தவளிடம், "கைய காட்டு." அவளும் காட்டினாள். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கை பார்க்கிறவர் வந்திருக்கிறார்! பெண்கள் கையை நீட்டிக்கொண்டு சூழ்ந்துகொண்டார்கள்.

"என் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் முடியும்னு பாரு சாமி."

"எனக்கு ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

கடைசியில் ஒரு கிழவர்கூட முண்டியடித்துக்கொண்டு கையை நீட்டினார். கம்பவுண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தேள் இல்லையே, தேள் இல்லையே" என்று முணுமுணுத்தபடி கை கையாகத் தள்ளிக்கொண்டு போகிறார். தேள் இல்லையென்றால் நல்லதா கெட்டதா என்று அந்தப் பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். ஒருத்தியின் புருஷன், "எம் பொண்டாட்டி கைய எதுக்குய்யா புடிக்கிற?" என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். சின்னராசு நடுவில் விழுந்து விஷயத்தைச் சொன்ன பிறகுதான் எல்லாரும் அடங்கினார்கள். அடங்கினவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள்.

லைன் கோடியில் ஒரு வீட்டு வாசலில் அந்தக் கையைப் பார்த்தோம். மணிக்கட்டுக்கு மேலே தேள். அந்தக் கை ஒரு பாட்டிலைத் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தது. புதுப் பாட்டில். உள்ளே ஏதோ மஞ்சளாக, பாதிக்குக் குறைந்திருந்தது.

கம்பவுண்டர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். நான்தான் கேட்டேன்: "கொழந்தைக்கு மருந்து குடுத்துட்டியாம்மா?"

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோச்சிக்காதீங்கய்யா. மருந்த அப்பவே சாக்கடையில கொட்டிட்டேன். இவ்ளோ நல்ல பாட்டிலு யாரு குடுப்பாங்க? வெளக்கெண்ணெ ஊத்தி வெச்சிருக்கேன்."

"கொழந்தைக்கு இருமலு?"

"அதுக்கு இன்னா இருமலு! டாக்டரு எதிர்ல 'இருமுடி கண்ணு'ன்னு சொன்னேன், இருமிச்சு."

உள்ளேயிருந்து அந்தக் குழந்தை, மூன்று வயது இருக்கும், கையில் வேர்க்கடலையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தது. யாரும் கேட்காமலேயே ஒரு தரம் இருமிக் காட்டியது. லைனே சிரித்தது. ஊருக்கே வந்த நோய் என்ன நோய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தி, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது பேர் இன்னாம்மா?" என்றார். "அஞ்சலைங்க" என்றாள். "அஞ்சல, அஞ்சல" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கு நடுவில் விசும்பி விசும்பி அழுதார். மருந்தைக் கொட்டியதற்குத்தான் பெரியவர் அழுகிறார் என்று நினைத்த அந்தப் பெண், "வேணும்னா பாட்டில எடுத்துக்கினு போயிடுங்கய்யா" என்று நீட்டினாள்.

திரும்பி வரும்போது வழியெல்லாம், "கொழந்த பேர் இன்னா சொன்னா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொல்லுவேன். பத்தடி தள்ளி மறுபடியும் கேட்பார். மறுநாள் டாக்டரிடம் தானே போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். டாக்டர் கத்தித் தீர்த்தார், பிறகு அவரே கொட்டாங்கச்சிக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து கம்பவுண்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஜன்னலில் குனிந்து, "மூஞ்சக் காட்டு, பேரச் சொல்லு" என்பார். முகமும் பேரும் அவருக்குக் கடைசி வரைக்கும் பொருந்தவில்லை. முனியம்மாவை மேரி என்பார், மேரியை பாய் வீட்டம்மா என்பார். வரிசை நகராது. ஜனங்கள் வைதார்கள். நானும் வைதேன்.

அவர் காலமாகி ரொம்ப நாளாகிவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கே கூடினாலும் அவர் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிடுகிறது. யாரோ பெற்ற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுத மனிதர் அவர். அவரைக் கிண்டல் செய்ய நான் ஒருவன் போதும்.