எட்டுக் கண் பெட்டியும் நாலு மணிப் பனியும்

மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இருபத்தாறு வருடம் பனிமூட்டத்திலேயே வளர்ந்தவன், பனி என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? என் மாமனார் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எண்பதுகளின் நடுவில் நான் தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன். (விஞ்ஞானி என்று எனக்கு நானே நினைப்பு.) பக்கத்து ஊரான தானா ராத்தாவில் பழுதான எலக்ட்ரானிக் கீபோர்டு ஒன்றை வாங்கி, கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, வெளிச்சத்தை உணரும் எட்டுக் கண்களைப் பொருத்தினேன். எந்தக் கண்மேல் கையின் நிழல் விழுகிறதோ, அதற்குரிய சுரம் ஒலிக்கும். தொடவே வேண்டாம்; ஆடினால் பாட்டு வரும்.

ஆட ஒப்புக்கொண்டவள் சரோஜா. கொழுந்து எடுப்பவள், விழாவென்றால் மேடையேறுபவள். அவளைப் பெண் கேட்டிருந்தேன். அவள் அப்பாதான் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி.

"பொங்கல் விழாவுல அந்தப் பொட்டி பாடட்டும். அப்புறம் கல்யாணத்தப் பேசலாம் லா" என்றுவிட்டார்.

ஒத்திகை முழுக்க தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் இருந்த என் லைன் வீட்டில், டியூப் லைட்டுக்கு அடியில். அமர்க்களமாக வந்தது. விழாவோ திறந்த திடலில், மாலை நாலு மணிக்கு. சரோஜா கையைத் தூக்கினாள். மலையிலிருந்து பனி இறங்கியது. (தினமும் அந்த நேரத்துக்குத்தானே இறங்குகிறது, மடையா!) எட்டுக் கண்ணும் இருண்டு, எட்டுச் சுரமும் ஒன்றாக அலறின. நாய்கள் ஓடின. தோட்டத்து மேனேஜர் துரை காதைப் பொத்திக்கொண்டார். கல்யாணம் போச்சு என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"என்னா மரம் மாதிரி நிக்கிறீங்க? டார்ச்ச எடுத்து மேல புடிங்க லா!" என்றாள் சரோஜா.

முக்காலியில் ஏறிப் பிடித்தேன். அலறல் நின்றது. ஆனால் வெளிச்சம் விழுந்ததோ ஒரு முறம் அளவுதான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவள் ஆட்டம் அடங்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு பெட்டிமேல் குனிந்து, இரண்டு கையாலும் காற்றில் கொழுந்து கிள்ள ஆரம்பித்தாள். டிங், டிங், டிங். கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால், இல்லாத கூடைக்குள் வீசினாள்.

"முத்தல விட்டுட்டு அரும்ப எடுடி!" என்று முன்வரிசைப் பெண்கள் கத்தினார்கள். பிறகு அவர்களே ஒவ்வொருவராக மேடையேறிக் கிள்ளினார்கள். ஒவ்வொருத்தி கைக்கும் ஒரு பாட்டு வந்தது. அப்படியொரு சந்தோஷத்தை நான் அந்தத் திடலில் பார்த்ததில்லை.

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன் எதக் கெடுத்தாலும் எம் பொண்ணு சரி பண்ணிருவா. பயமில்ல, குடுத்துடலாம் லா."

வீட்டுக்கு யார் வந்தாலும் சரோஜா இன்றும் சொல்வது இதுதான்: "நான் வாசிச்சேன், இவரு டார்ச் புடிச்சாரு."

போன மாதம் பேத்தி, கையசைத்தால் இசைக்கும் கருவி ஒன்றைக் கணினியோடு இணைத்துக்கொண்டிருந்தாள். அருகில் போய் யோசனை சொல்ல வாயெடுத்தேன்.

"தாத்தா, நீங்க டார்ச் மட்டும் புடிங்க" என்றாள்.

பிடித்தேன்.